தேர் நிலைக்கு வந்துருச்சு

அந்தப் போனைக் கொஞ்சம் கவுத்தி வைங்க தம்பி. கோவிச்சுக்காதீக. இப்பல்லாம் யாரு எதுல எதைப் பதிவு பண்றாகன்னே தெரியமாட்டேங்குது. ஒண்ணும் பண்ணலையா, பாட்டுத்தான் கேக்குறீகளா. கேளுங்க, நல்லாக் கேளுங்க. கவுத்தி வச்சுக் கேளுங்க.

எங்கிட்டுப் போறீக? பல்லு டாக்டர்கிட்டயா. இம்புட்டுத் தூரமா? உங்க ஊர்ப் பக்கம் பல்லு டாக்டரே இல்லையா? இல்ல, கன்னம் வீங்கின மாதிரித் தெரியலையேன்னு கேட்டேன். சரி, உங்க பல்லு, உங்க காசு. வெள்ளைச் சட்டை, கறுப்புப் பேண்ட்டுன்னு இருக்கீகளா, வக்கீலுக்குப் படிச்சவரோன்னு ஒரு நெனப்பு. குலதெய்வம் எது உங்களுக்கு? சும்மாதான் கேக்குறேன். பக்கத்துல உக்காந்துக்கிட்டு ஆளு யாருன்னு தெரியாமப் பேச முடியுமா. சிரிக்கிறீக. சொல்ல இஷ்டமில்லைன்னா விடுங்க.

என் பேரு ஆண்டியப்பன். ஊரு ஆலங்கொண்டான். பேப்பர்ல படிச்சிருப்பீகளே, ரெண்டு வருசம் முந்தி. தேர்த் திருவிழாவில் நாசவேலை, மின் கட்டமைப்பைத் தகர்க்கச் சதின்னு கொட்டை எழுத்துல போட்டிருந்தாக. அந்த ஊருதான். அந்தக் கேஸ்ல மொத சாட்சி நான். இன்னிக்கு எனக்குத்தான் கோர்ட்டு. சம்மன் வந்திருக்கு, போறேன். பயமா? உண்மையச் சொல்லப் போறவனுக்கு என்ன பயம். தொண்டைதான் காயுது. இல்லல்ல, உங்க தண்ணி வேணாம். வெளிய யாரு குடுத்தும் வாங்கிக் குடிக்கிறதில்ல நான்.

தீவிரவாதின்னா நீங்க என்ன நினைப்பீக? தாடி வச்சிருப்பான், வெளிநாட்டுல இருந்து பணம் வரும், காட்டுக்குள்ள துப்பாக்கி சுடப் பழகியிருப்பான், அப்படித்தானே? நானும் அப்படித்தான் நினைச்சிருந்தேன். இவன் பேரு கார்மேகம். எங்க ஊர்க் காலனிக்காரன். கரண்டு ஆபீஸ்ல காண்ட்ராக்ட்ல போஸ்ட்டு ஏறுறவன். எங்க வீட்டு மீட்டர் பொட்டியை மாத்துனதே அவன்தான். எத்தனை வாட்டி வந்திருக்கான் வீட்டுக்கு. பின்வாசல் வழியாத்தான் வருவான், அதை யாரும் அவனுக்குச் சொல்லிக் குடுக்க வேணாம், அவனாத் தெரிஞ்சு வருவான். அம்புட்டு மரியாதைக்காரன். அப்படிப்பட்டவன் நாட்டுக்கு எதிராச் சதி பண்ணுனா யாரைத்தான் நம்புறது, சொல்லுங்க. அதுல இருந்துதான் நான் ஒருத்தரையும் நம்புறதில்ல.

நடந்ததைச் சொல்றேன், நீங்களே கேட்டுட்டு முடிவு பண்ணுங்க. எங்க செல்லாயி அம்மன் தேரு நல்ல உசரம். தெருவுக்குக் குறுக்க போற கரண்டு ஒயரெல்லாம் கலசத்துல இடிக்கும். அதனால தேரன்னிக்குக் காலையிலேயே கரண்டை நிப்பாட்டிருவாக. நாலு தெருவுலயும் குறுக்க போற ஒயரைக் கழட்டி ஓரமா இறக்கிப் போட்டுருவாக. தேரு நாலு தெருவையும் சுத்தி நிலைக்கு வந்து சேந்ததும் மறுபடி இழுத்துக் கட்டிருவாக. நிலைன்னா தெரியும்ல, தேரு வருசம் பூரா நிக்கிற இடம். ஒயரெல்லாம் கட்டி முடிச்சுட்டாகளான்னு பாத்துட்டு, விழாக் கமிட்டி சார்பா நான் சப் ஸ்டேஷனுக்கு ஒரு போன் போடுவேன். "தேர் நிலைக்கு வந்துருச்சு." அம்புட்டுத்தான் சொல்லணும். அங்க இருக்கவரு வேற கேள்வியே கேக்கமாட்டாரு. அந்த வார்த்தையைக் கேட்டாக் கரண்டைக் குடுத்துருவாரு. எங்கப்பா காலத்துல சைக்கிள்ல ஆள் அனுப்பிச் சொன்னாக. இப்ப போனு.

அந்த நாலு தெரு ஒயரையும் இறக்குறது யாருன்னு நினைக்கிறீக? இதே கார்மேகம்தான். வருசா வருசம் அவன்தான். வேலை முடிஞ்சதும் கமிட்டி சார்பா அவனுக்கு ஒரு துண்டு குடுப்போம். தாம்பாளத்துல வச்சிருவோம், அவனே எடுத்துக்கிருவான். அது முறை. யாரும் அவனை ஒரு சொல் தப்பாச் சொன்னது கிடையாது.

காலனிக்காரவுக ரொம்ப நாளாவே ஒண்ணு கேட்டுக்கிட்டிருந்தாக. தேரு எங்க தெருவுக்குள்ளயும் வரணும்னு. வந்தா என்ன, வரட்டும், அம்மன் எல்லாருக்கும் பொதுதானே. எனக்கு அதுல ஒரு வருத்தமும் கிடையாது. ஒவ்வொரு வருசமும் திருவிழாவுக்கு முந்தி தாலுகா ஆபீஸ்ல சமாதானக் கூட்டம் போடுவாக. நான்தான் எந்திரிச்சுப் பேசுவேன். ஐயா, தேரு வர்றதுல எங்களுக்கு எந்த ஆட்சேபணையும் இல்லை, ஆனா காலனி முக்குல ஒரு பெரிய லைன் குறுக்க போகுது, சுத்துப்பட்டு ஊருக்கெல்லாம் போற லைன், அதுல தேரு பட்டுச்சுன்னா எத்தனை உயிர் போகும், அதுக்கு யாரு பொறுப்புன்னு கேப்பேன். உடனே தாசில்தாரு பேனாவை மூடிருவாரு. உயிர்னு சொல்லிட்டா எந்த அதிகாரியும் மேல பேசமாட்டாக. தாசில்தாரு வருசத்துக்கு ஒருத்தரு மாறுவாரு, எங்களுக்கு அந்த லைனு இருந்துச்சு.

ஒரே ஒரு வருசம் ஒரு தாசில்தாரம்மா வந்திருந்துச்சு. சின்னப் பொண்ணு. நாலு தெருவுல இறக்குற மாதிரி அந்த லைனையும் இறக்கலாமேன்னு கேட்டுச்சு. அது வேற லைனும்மான்னேன். அன்னிக்குத்தான் எல்லா லைன்லயும் கரண்டு இருக்காதே, அப்புறம் என்ன வேறன்னு கேட்டுச்சு. வேறதாம்மான்னேன். அது என்னையே பாத்துச்சு. அந்தப் பார்வையே சரியில்ல. அப்புறம் விசாரிச்சேன், அது யாரு என்னன்னு. விசாரிச்சதுக்குப் பிறகு எனக்கு ஆச்சரியமா இல்ல.

லைனை உசத்திக் கட்டுங்கன்னு காலனிக்காரவுக கரண்டு ஆபீஸுல மனுக் குடுத்தாக. உசரமான போஸ்ட்டு ஒண்ணு முக்குல ஊணணுமாம். அந்த முக்கு என் பட்டா நிலம். குழி தோண்ட வந்தவுககிட்ட, என் நிலத்துல கடப்பாரை விழக்கூடாதுன்னு சொல்லிட்டேன். அது என் உரிமை, இதுல சாதி எங்க வந்துச்சு? இன்னிக்குப் போஸ்ட்டு ஊணவிட்டா நாளைக்கு அதுல ஆட்டைக் கட்டுவாக, அடுத்த நாளு ஆடு நிக்கிற எடம் அவுக எடம்பாக. அந்த நிலத்துல வெள்ளாமை இருக்கான்னா கேக்குறீக? இல்ல. கருவைதான் மண்டிக்கிடக்கு. கருவையா இருந்தாலும் என் கருவைதானே.

அந்த வருசக் கூட்டத்துல கார்மேகமும் வந்திருந்தான். எந்திரிச்சு ஒரே ஒரு கேள்வி கேட்டான். "ஐயா, அந்த லைன் மட்டும் இல்லைன்னா தேரு எங்க தெருவுக்கு வரும்ல?" எல்லாரும் என்னைப் பாத்தாக. நான் தைரியமாச் சொன்னேன், லைன் இல்லைன்னா எங்களுக்கு என்னப்பா தடைன்னு. அம்புட்டுப் பெரிய லைனு எங்க போயிரப்போகுது? தாசில்தாரு, போலீசு, கமிட்டி, எல்லாரு முன்னாடியும் சொன்னேன். அவன் தலையாட்டிட்டு உக்காந்தான். அன்னிக்கே எனக்குச் சந்தேகம் வந்திருக்கணும். கேள்வியை இம்புட்டுப் பணிவா ஒருத்தன் கேட்டான்னா உள்ளுக்குள்ள ஏதோ இருக்குன்னுதானே அர்த்தம்.

தேரன்னிக்கு நாலு தெரு ஒயரையும் எப்பவும் போல இறக்குனான். துண்டு கூட எடுத்துக்கிட்டான். தேரு மூணு தெருவு தாண்டிக் காலனி முக்குக்கிட்ட வந்துச்சு. பாத்தா அந்தப் பெரிய லைனைக் காணோம். அவனும் காலனிப் பயலுக நாலு பேரும் சேந்து கழட்டிக் கீழ இறக்கிப் போட்டிருந்தாக. காலனிச் சனம் பூராத் தெருவடைச்சுக் கோலம் போட்டு, ஆரத்தித் தட்டோட நிக்குது. கார்மேகம் என்கிட்ட வந்தான். துண்டைக் கக்கத்துல வச்சுக்கிட்டு, "ஐயா, லைன் இல்லைங்கய்யா"ன்னான்.

எனக்கு எப்படி இருந்திருக்கும், நினைச்சுப் பாருங்க. எல்லாரும் என் வாயைப் பாக்குறாக. தாசில்தாரு, "நீங்கதானே சொன்னீங்க"ங்கிறாரு. வடம் பிடிக்கிறவுக நின்னுட்டாக. நான், இருங்கய்யா, கமிட்டியில கலந்து பேசிக்கிறோம்னு சொல்லிக்கிட்டிருக்கும்போதே தேரு திரும்புது தம்பி. தேரு எப்படித் திரும்பும், தெரியும்ல? ஒரு பக்கத்துச் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை குடுக்கணும். அந்தப் பக்கம் நின்னுக்கிரும், மறு பக்கம் உருளும், தேரு தானாத் திரும்பும். கட்டை போடுறதுக்குன்னு எங்க ஆளுகள்ல வாட்டசாட்டமானவுகளை வச்சிருப்போம். காலனிப் பக்கச் சக்கரத்துக்குக் கட்டையைப் போட்டது யாரு தெரியுமா? என் மகன் பூமிநாதன்.

ஆமா, என் மகன்தான். இஞ்சினியருக்குப் படிக்க வச்சேன். யாரோ அவனுக்குச் சோத்துல வசிய மருந்து வச்சிட்டாக, இல்லைன்னா அவன் அப்படிப் பண்றவன் இல்ல. கார்மேகமும் அவனும் ஒரே ஸ்கூலு. ஸ்கூல்ல பழகுனா ஸ்கூலோட விட்டிரணும்.

தேரோட முன்சக்கரம் ரெண்டும் காலனிக்குள்ள இறங்கிருச்சு. பொம்பளைக குலவை போடுறாக. நான் என்ன பண்ணுவேன்? ஓரமா ஒதுங்கிப் போனை எடுத்து சப் ஸ்டேஷனுக்குப் பேசுனேன். தேர் நிலைக்கு வந்துருச்சுன்னேன்.

ஏன் அப்படிப் பாக்குறீக? பொய்யா அது? தேருக்குன்னு ஒரு பாதை இருக்கு. அந்தப் பாதையை விட்டு எப்ப விலகுச்சோ அப்பவே எங்களைப் பொறுத்தமட்டும் அந்த வருசத் திருவிழா முடிஞ்சுபோச்சு. முடிஞ்சுட்டா நிலைக்கு வந்த மாதிரிதானே. கரண்டு வந்துருச்சுன்னு தெரிஞ்சா எல்லாம் பயந்துக்கிட்டு ஒதுங்கிரும், தேரைப் பின்னால இழுத்துக்கிரலாம்னு பாத்தேன். அம்புட்டுத்தான் என் மனசுல இருந்துச்சு. யாரையும் கொல்லணும்னா நினைச்சேன்?

கரண்டு வந்துச்சு. வந்த வேகத்துல காலனி முக்குப் போஸ்ட்டுக்கிட்டப் பளீர்னு ஒரு வெளிச்சம், இடி விழுந்த மாதிரி ஒரு சத்தம். சனம் வடத்தைப் போட்டுட்டு ஓடுது. கரண்டு போயிருச்சு. நான் மறுபடி போன் போட்டு, என்னய்யா ஆச்சு, குடுங்கய்யான்னேன். அவரு மறுபடி குடுத்திருக்காரு. அதுலதான் அங்க சப் ஸ்டேஷன்ல இருந்த பெரிய டிரான்ஸ்பார்மரு தீப்பிடிச்சுருச்சு. சுத்துப்பட்டு ஊரு பூரா நாலு நாளு இருட்டு. குடிதண்ணி மோட்டார் ஓடலை. பெரியாஸ்பத்திரியில ஆபரேஷனைத் தள்ளி வச்சாக. சாகலை, யாரும் சாகலை. ஆனா பாருங்க, எம்புட்டுப் பெரிய நாசம். நாசவேலைங்கிற வார்த்தையே எனக்குப் பேப்பர்ல பாத்துத்தான் தெரியும். என்ன பொருத்தமான வார்த்தை.

எதுனால அப்படி ஆச்சுன்னு போலீசு தோண்டிப் பாத்துச்சு. இறக்கிப் போட்ட லைன்ல கார்மேகம் ஒரு இரும்புச் சங்கிலியை மாட்டி, அதோட மறு நுனியைத் தரையில அடிச்ச கம்பியோட கட்டி வச்சிருந்திருக்கான். லைன் மேல சங்கிலி. இதுக்கு மேல என்ன அத்தாட்சி வேணும்? கரண்டைக் கொண்டுபோய் மண்ணுல எறக்குறவன் நாசவேலை பண்றவன்தானே. அந்தச் சங்கிலியைப் பொட்டலம் கட்டி, அரக்கு வச்சு, நான்தான் சாட்சிக் கையெழுத்துப் போட்டேன்.

மொதல்ல வந்த லோக்கல் இன்ஸ்பெக்டரு விவரம் பத்தாதவரு. பொதுச் சொத்துக்குச் சேதம்னு எழுதப்போனாரு. அதுல போட்டா நாலே வாரத்துல ஜாமீன் வாங்கிட்டு வந்து என் முன்னாடி நடமாடுவான். நான் நாலு பேரைப் பிடிச்சு மேலிடத்துல பேசுனேன். மெட்ராஸ்ல இருந்து ஒரு அதிகாரி வந்தாரு. சன்னமாத்தான் பேசுவாரு, ஆனா கெட்டிக்காரரு. "இது ஒயர் கேஸ் இல்லைங்க, சமுதாயத்தின் வாழ்வுக்கு அத்தியாவசியமான சேவையைச் சீர்குலைச்சு மக்கள்கிட்ட பீதியை உண்டாக்குறது, தீவிரவாதச் சட்டத்துல வரும்"னாரு. எனக்கு மனப்பாடமாயிருச்சு பாத்தீகளா. அதுல போட்டா ஜாமீன் கிடைக்கிறது குதிரைக் கொம்பு. ரெண்டு வருசமா உள்ளதான் இருக்கான். தீர்ப்பு எதிரா வந்தா ஆயுசு பூரா உள்ளதான்.

சதின்னு எப்படிக் கண்டுபிடிச்சாருன்னு கேளுங்க. காலனிப் பயலுக போன்ல ஒரு குரூப்பு வச்சிருந்தானுக. அதுக்குப் பேரு, "இந்த வருசம் வரும்." அதிகாரி என்னைக் கூப்பிட்டு வச்சுக் கேட்டாரு, என்ன வரும், யாரு வருவா, எங்க இருந்து வருவான்னு. எனக்குத் தெரியாதுங்கய்யான்னேன். தேருதான் வரும்னு பயலுக சொன்னானுகளாம். தேரு வர்றதுக்கு எதுக்கய்யா குரூப்புன்னு அவரு கேட்டாரு. நியாயமான கேள்விதானே. எங்க தெருவுல தேரு வருது, நாங்க என்ன குரூப்பா வச்சிருக்கோம்?

வேற யாரு மேலயும் சந்தேகம் உண்டான்னு கேட்டாரு. எனக்கு எல்லாரு மேலயும்தான் சந்தேகம்னேன். சிரிச்சாரு. அப்பத்தான் அந்தப் போன் சங்கதியைச் சொன்னேன். மறைக்கணும்னு எனக்கு என்ன இருக்கு. அவரு சிரிப்பை நிப்பாட்டிட்டாரு. பிறகு, "அதை நான் கேக்கலையே"ன்னாரு. கேக்காததுக்கெல்லாம் பதில் சொல்ல வேணாம்னு சொல்லிட்டு எந்திரிச்சுப் போயிட்டாரு. என் வாக்குமூலத்துல போன் கிடையாது. படிச்ச அதிகாரி, அவருக்குத் தெரியாததா.

சப் ஸ்டேஷன்ல அன்னிக்கு இருந்தவரு ரிட்டயர்டு ஆயிட்டாரு. கமிட்டியில இருந்து சொன்னாக, குடுத்தேன்னு சொல்லியிருக்காரு. யாருன்னு கேட்டா நெனப்பில்லைங்கிறாரு. யாரு போன்ல இருந்து போச்சுன்னு பாக்கணும்னு கார்மேகத்தோட வக்கீலு மனுப் போட்டாரு. அம்புட்டு நாளைக்கு முந்துன விவரமெல்லாம் கம்பெனியில இல்லையாம். அதனால இப்ப அதைச் சொல்லணும்னா நான்தான் சொல்லணும். என்னை விட்டா ஆள் இல்லை.

போன மாசம் கார்மேகம் பெண்டாட்டி ரேணுகா எங்க வீட்டுக்கு வந்துச்சு. முன்வாசலுக்கே வந்துருச்சு. இடுப்புல ஒரு புள்ள. அவன் உள்ள போனப்ப அது மாசமா இருந்துச்சு, பொம்பளைப் புள்ள பிறந்திருக்கு, அவன் கம்பிக்கு அங்கிட்டு நின்னுதான் பாத்திருக்கானாம். வெயில்ல நிக்குதே, பாவமாத்தான் இருந்துச்சு. என்னம்மான்னேன்.

"ஐயா, லைனை இறக்குனா சங்கிலி மாட்டாம யாரும் வேலை பார்க்கமாட்டாக. தப்பித் தவறி யாராச்சும் கரண்டைக் குடுத்துட்டா, அது ஆளு மேல பாயாம மண்ணுக்குள்ள போயிரும். அதுக்குத்தான் அவரு மாட்டுனாரு"ன்னுச்சு. "உங்க நாலு தெருவுலயும் அன்னிக்குச் சங்கிலி மாட்டித்தான் இருந்துச்சு. அதை யாரும் பொட்டலம் கட்டலையே."

யாரும்மா உனக்கு இதெல்லாம் சொல்லிக் குடுத்ததுன்னு கேட்டேன். அவரு கூடக் குடும்பம் நடத்துறேன்ல, எனக்குத் தெரியாதான்னுச்சு. பிறகு சொல்லுச்சு, "அந்த லைன் கிடந்த இடத்துலதாங்கய்யா உங்க மகன் நின்னாரு. சக்கரத்துக்குக் கட்டை போட்டுக்கிட்டு, கம்பியை மிதிச்சுக்கிட்டுத்தான் நின்னாரு. சங்கிலி இல்லைன்னா உங்க வீட்டுலயும் அன்னிக்கு எழவு. போன் பண்ணுனது நான்தான்னு மட்டும் கோர்ட்டுல ஒரு வார்த்தை சொல்லுங்க. நல்லவன்னு சொல்ல வேணாம், விட்டுருங்கன்னு சொல்ல வேணாம். அந்த ஒரு வார்த்தை போதும், அவரு வெளிய வந்துருவாரு."

நான் திண்ணையில உக்காந்துட்டேன். ஆனா உடனே சுதாரிச்சுக்கிட்டேன். இது அழுகுது, ஆனா குரல் தடுமாறலையே, யாரோ ஒத்திகை பாத்து அனுப்பிருக்காகன்னு தோணுச்சு. பாப்போம்மான்னு சொல்லி அனுப்பிட்டேன். அது போன பிறகு கரண்டு ஆபீஸ்ல எனக்கு வேண்டப்பட்டவரு ஒருத்தருகிட்டச் சாடையாக் கேட்டேன். ஆமாண்ணே, உயிரைக் காப்பாத்துறதுக்குத்தான் அந்தச் சங்கிலின்னாரு. அவரையும் இப்ப நம்புறதா வேணாமான்னு தெரியலை. அவரு பெண்டாட்டி ஊரு அந்தப் பக்கம்.

இருங்க, அங்க பாருங்க. டிரைவருக்குப் பின்னால மூணாவது சீட்டு. கட்டம் போட்ட சட்டை. அவன்தான் பூமிநாதன். ஒரே பஸ்ஸுலதான் வந்திருக்கோம், ஒரே சீட்டுல உக்கார மாட்டான். ரெண்டு வருசமா என்கூடப் பேச்சு வார்த்தை கிடையாது. கார்மேகம் பக்கம் அவன் சாட்சி. அவுக அம்மா அழுது பாத்துருச்சு, கேக்க மாட்டேனுட்டான். சோத்துக்கு மட்டும் வீட்டுக்கு வருவான். நான் கூடத்துல இருந்தா அடுப்படியில உக்காந்து தின்னுட்டுப் போவான். பஸ் ஏறும்போது உங்களைப் பாத்து அவன் தலையாட்டுன மாதிரி இருந்துச்சே? தெரியாதா? சரி. தெரியாதுன்னா தெரியாது.

அவன் கோர்ட்டுல என்ன சொல்லிரப்போறான்? எங்கப்பா கையில போன் இருந்ததைப் பாத்தேம்பான். என்ன பேசுனேன்னு அவன் காதுல விழுந்திருக்காது, குலவைச் சத்தம் அப்படி. போன்ல ஆயிரம் பேசுவேன். சம்சாரத்துகிட்டப் பேசுனேன்னு சொன்னா முடிஞ்சுபோச்சு. எல்லாம் யோசிச்சுத்தான் வச்சிருக்கேன்.

ஆனா நேத்துச் சாயங்காலம் அவனா வந்தான். நான் மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கிட்டிருந்தேன். அப்பான்னான். ரெண்டு வருசம் கழிச்சு. வாளியைக் கீழ வச்சுட்டேன். ஒரே புள்ளை தம்பி. மூணு புள்ளைக பிறந்து தங்காமப் போய் இவன் ஒருத்தன்தான் தங்குனான். இவனுக்காக நான் கும்பிடாத சாமி இல்ல. அந்தச் செல்லாயிக்கு நேர்ந்துக்கிட்டுத்தான் இவன் பிறந்தான். கேஸைப் பத்திக் கேக்கலை, ஒண்ணே ஒண்ணு கேக்குறேன்னான். "அன்னிக்குப் போனை எடுக்கும்போது, நான் அங்க நிக்கிறதைப் பாத்தீகளா?"

பாக்கலைடான்னேன். யோசிக்கவே இல்ல, வாய்ல வந்துருச்சு.

சரிப்பான்னான். "நீங்க பாக்கலைன்னு நம்பித்தான் இத்தனை நாளு அந்த வீட்டுச் சோத்தைத் தின்னேன். கோர்ட்டுல போன் பண்ணலைன்னு சொன்னாலும் சொல்லிக்கிருங்க. இதை மட்டும் மாத்திறாதீக"ன்னுட்டுப் போயிட்டான். என் மேல அவனுக்கு அம்புட்டுத்தான் மிச்சம் இருக்கு.

இப்ப என் சிக்கல் புரியுதா உங்களுக்கு? போன் பண்ணுனது நான்தான்னு சொன்னா, கார்மேகம் வெளிய வந்துருவான். ஆனா அவனோட வக்கீலு என்னை அதோட விடமாட்டான். எங்க நின்னு பேசுனீக, கண்ணுக்கு முன்னால யாரு நின்னா, தேரு மேல யாரு, சக்கரத்துக்கிட்ட யாருன்னு கேப்பான். கேட்டுக்கிட்டே போனா கடைசியில இந்தக் கேள்விக்குத்தான் வருவான். எதிர்ல என் மகன் உக்காந்திருப்பான். பண்ணலைன்னு சொல்லிட்டா அந்தக் கேள்வியே வராது. கார்மேகம் உள்ளயே கிடப்பான், அந்தப் பொம்பளைப் புள்ள கம்பிக்கு இங்கிட்டு நின்னுக்கிட்டே வளந்துரும். நானா அவனை அந்த லைனைக் கழட்டச் சொன்னேன்?

நீங்க எதுக்கு அதைக் கேக்குறீக? அவனைப் பாத்தேனா இல்லையாங்கிறது உங்களுக்கு எதுக்கு?

பாத்தேன். பாக்காம என்ன. பத்தடி தூரம் கூட இருக்காது. கட்டையைப் போட்டுட்டு, இடுப்புல கையை வச்சு நிமிந்தான். வேர்த்து ஊத்துது. என்னைப் பாத்துச் சிரிச்சான். சின்னப்பிள்ளையில பந்தயத்துல ஜெயிச்சா ஓடிவந்து நிப்பான்ல, அந்தச் சிரிப்பு. காலுக்குக் கீழ அந்த லைன் கம்பி கிடந்துச்சு, அதுவும் தெரிஞ்சுச்சு. ஆனா கம்பியை நான் நினைக்கவே இல்ல தம்பி. அவன் உசிரையும் நினைக்கலை. அவன் எந்தத் தெருவுக்குள்ள நிக்கிறான்னுதான் பாத்தேன்.

வழி விடுங்க. கோர்ட்டு ஸ்டாப்பு வந்துருச்சு. அவன் இறங்கிட்டான்.